நாற்பதாயிரத்துக்குப் பிறகு

சடையப்பனின் வாயிலிருந்து இரண்டு பற்கள் வெள்ளை உப்பின் மேல் தெறித்து விழுந்தபோது பகல் மணி பன்னிரண்டரை.

சுற்றி முப்பது பேர் நின்றார்கள். உப்பு வாரும் பலகை, ரப்பர் செருப்பு, கருங்கல் என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் எடுத்து அடித்தார்கள். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் சடையப்பன் கும்பிடப் பார்த்தான். கும்பிட்ட கைகளில் ரத்தம் இருந்தது. அது அவனுடைய ரத்தம் இல்லை. அதைப் பார்த்த கூட்டத்துக்கு வெறி இன்னும் ஏறியது.

கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு வரப்பில் இறங்கிய ஒரு பைக், நேராகக் கூட்டத்துக்குள் புகுந்து நின்றது. பின்சீட்டிலிருந்து குதித்த தெய்வநாயகி, கல்லை ஓங்கியிருந்த ஒருவனின் முழங்கையைப் பிடித்துப் பின்பக்கமாகத் திருகினாள். மூட்டு நகர்ந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் அலறிக்கொண்டு உட்கார, மற்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"மீதிப் பேர் வரிசையில வாங்க. மேடத்துக்கு ரெண்டு கைதான் இருக்கு," என்றான் பைக் ஓட்டி வந்த கிருபா.

தெய்வநாயகிக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருஷம் போலீஸில் இருந்து, மேலதிகாரி ஒருவரின் கன்னத்தில் அறைந்ததோடு அந்த வேலையை முடித்துக்கொண்டவள். இப்போது புதுச்சேரியில் ஒரு அச்சகத்தின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். கிருபா அவளுடைய உதவியாளன். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளி வழியாகத்தான் தன் பேச்சுக்குக் காற்று வருகிறது என்பான்.

அவர்களை வரச் சொன்னவர் சித்தார்த்தன். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து, சர்க்கரை வியாதியில் பார்வை போய், ஐம்பது வயதிலேயே வீட்டோடு இருந்தவர். அன்று காலை பத்தே முக்காலுக்குப் போன் செய்திருந்தார். தன் வீட்டில் ஒரு திருட்டு நடந்திருக்கிறது, பணமும் இல்லை, நகையும் இல்லை, நேரில் வந்தால் சொல்கிறேன் என்றார்.

இப்போது அவர் தன் வீட்டுக்குப் பின்னால் உப்புப் பாத்தி ஓரத்தில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை உள்ளே போயிருந்தது. பக்கத்தில் ஒரு கடப்பாரை. அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு சடையப்பன் உட்கார்ந்திருந்ததைத்தான் பாத்தியில் வேலை செய்தவர்கள் முதலில் பார்த்தார்கள். தூக்கப் போனேன் என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சித்தார்த்தனிடம் படிக்காத பிள்ளை அந்தப் பக்கத்தில் குறைவு.

எஸ்.ஐ. திருமுருகனின் ஜீப் வந்து சேர்ந்தது. சடையப்பனைத் தூக்கிப் படுக்க வைத்தபோது அவன் தெய்வநாயகியின் சேலையைப் பிடித்துக்கொண்டான். வீங்கிய உதடுகளுக்கு நடுவிலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

"லெட்டரு."

அதோடு நினைவு போய்விட்டது. ஜீப் அவனைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. எஸ்.ஐ. ஊரிலேயே நின்றுகொண்டார்.

சித்தார்த்தனின் வீட்டுக் கூடத்தில் பத்து மண்சட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கிளிஞ்சல்கள். சுவரோரம் நான்கு கட்டு அச்சடித்த தாள்களும், கையால் எழுதின இரண்டு நீள நோட்டுகளும் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். இருபத்தெட்டு வயது. வெயிலுக்குச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருந்தான். பெயர் அப்பாவு. மூன்று வருஷமாக சித்தார்த்தனுக்குக் கண்ணாக இருந்தவன் என்று எஸ்.ஐ. சொன்னார்.

அந்தச் சட்டிகள் எதற்கு என்று அப்பாவுதான் விளக்கினான். வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பை என்று பெயர். மூன்று புள்ளி ஒன்று நான்கு என்று ஆரம்பித்து, முடிவே இல்லாமல் போகும். அந்த எண்கள் ஏதாவது ஒழுங்கில் வருகின்றனவா, இல்லை கண்டபடி கொட்டிக் கிடக்கின்றனவா என்று உலகத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அதைத்தான் சித்தார்த்தன் தேடினார். அப்பாவு ஒவ்வொரு எண்ணாகப் படிப்பான். சைபரிலிருந்து ஒன்பது வரை பத்துச் சட்டிகள். எந்த எண் காதில் விழுகிறதோ அந்தச் சட்டியில் அவர் ஒரு கிளிஞ்சலைப் போடுவார்.

அச்சடித்த தாள்களை ஆரோவில்லில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் எடுத்துக் கொடுத்தார். நாற்பதாயிரம் எண் வரை தாள். பிரிண்டர் ரிப்பேர் ஆனதால் அதற்கு மேல் உள்ளதைத் திரையில் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டு வந்ததாகச் சொன்னான்.

"எல்லாரும் சமையலுக்குத்தான் சட்டி வாங்குவாங்க," என்றான் கிருபா. "இவர் உலகத்தையே அளந்திருக்காரு."

"கண்டுபிடிச்சாரா?" என்று கேட்டாள் தெய்வநாயகி.

கண்டுபிடித்துவிட்டார் என்றான் அப்பாவு. நாற்பதாயிரத்துக்குப் பிறகு தன் கை ஒரே சட்டிக்கு அடுத்தடுத்து இரண்டு தடவை போவதே இல்லை என்று ஒரு நாள் சட்டென்று நிறுத்தினாராம். அதாவது ஒரே எண் ஜோடியாக வருவது நின்றுபோகிறது. உலகத்தில் எவனும் கவனிக்காத ஒழுங்கு. விஷயம் பத்திரிகையில் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் பாராட்டு விழா. வாத்தியார் பெயரோடு அப்பாவுவின் பெயரையும் போட்டு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. ஒரு தனியார் கல்லூரி அவனுக்கு வேலை கொடுப்பதாகச் சொல்லியிருந்தது.

தான் காலையிலேயே நோட்டீஸ் கொடுக்கக் கிளியனூர் போய்விட்டதாகவும், இரண்டு நாளாக ஒரு வெள்ளைக் கார் இந்தப் பக்கம் சுற்றியதாகவும் சொன்னான். கண்டுபிடிப்பைத் திருட வந்தவர்கள்தான் கொன்றிருக்க வேண்டும் என்று மறுபடி அழுதான். போனில் சித்தார்த்தன் சொன்ன திருட்டும் அதற்குப் பொருந்தியது. எஸ்.ஐ. கார் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

சாருக்கு ஏதாவது லெட்டர் வந்ததா என்று தெய்வநாயகி கேட்டாள். அவனுக்குத் தெரிந்து எதுவும் வரவில்லை.

"வந்துச்சும்மா," என்றது வாசலில் ஒரு குரல்.

சடையப்பனின் மனைவி அமுதவல்லி. காலில் உப்பு காய்ந்திருந்தது. கூட்டம் அவளையும் அடித்திருந்தது. நெற்றியில் ரத்தம் உறைந்திருந்தது. பதினோரு மணிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தபோது புருஷன் சொன்னானாம். சாருக்குச் சென்னையிலிருந்து லெட்டர் வந்தது, அப்பாவு தம்பி இல்லாததால் அவனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார், படித்து முடித்ததும் சார் அழுதார். என்ன எழுதியிருந்தது என்று யாரிடமும் சொல்லாதே என்றார். லெட்டரையும் அவனையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"எங்க வச்சாரு?"

"கஞ்சித் தூக்குலதான். உப்புக் கொட்டகையில மாட்டியிருக்கும்."

தெய்வநாயகி கண்ணைக் காட்டினாள். கிருபா கிளம்பினான். அவள் எஸ்.ஐ.யோடு பாத்திப் பக்கம் போய், பிணம் கிடந்த இடத்தையும் கால்தடங்களையும் பார்த்தாள். முப்பது பேர் மிதித்த இடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கொட்டகை வீட்டிலிருந்து அரை பர்லாங்குதான். கூரை தொடும் உயரத்துக்கு உப்பைக் கொட்டி வைத்திருந்தார்கள். மூங்கிலில் தூக்கு தொங்கியது. கிருபா அதைத் திறந்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தைத் தொட்ட நேரத்தில் பின்னாலிருந்து அடி விழுந்தது. இரும்பு. காதுக்கு மேலே தோல் கிழிந்தது. அவன் குவியலின் மேல் விழுந்தான். ஒரு முழங்கால் அவன் முதுகில் ஏறியது. ஒரு கை அவன் முகத்தை உப்புக்குள் அமுக்கியது. மூக்கு, வாய், கண் எல்லாம் உப்பு. மூச்சு விட முடியவில்லை. செத்துவிடப் போகிறோம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த முன்கை வாய்க்குப் பக்கத்தில் நழுவி வந்தபோது பலம் முழுவதையும் பல்லில் வைத்துக் கடித்தான். கடித்ததை விடவில்லை. இரண்டாவது அடி விழுந்த பிறகுதான் விட்டான்.

இரண்டு நிமிஷம் கழித்துத் தெய்வநாயகி அங்கே வந்து சேர்ந்தபோது உப்புக்கு வெளியே அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. இழுத்துப் போட்டு, வாயில் விரலை விட்டுத் தோண்டினாள். அவன் இருமி, ரத்தமும் உப்புமாகக் கக்கினான். தூக்கு காலியாகக் கிடந்தது.

"ஊறப் போட்டுட்டாங்க மேடம்," என்றான். "நாளைக்கு வெயில்ல வச்சா கருவாடு."

அடித்தவனின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

ரோட்டோரத்தில் புளியமரத்தடியில் அவனைச் சாய்த்து உட்கார வைத்து, முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். ஜீப் திரும்பி வர நேரமாகும் என்றார்கள். கிருபாவின் கண்கள் சொருகத் தொடங்கின. தலையில் அடிபட்டவனைத் தூங்க விடக் கூடாது. பேசிக்கொண்டே இரு என்றாள். என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்படியானால் ஏதாவது எண் சொல்லு, சைபரிலிருந்து ஒன்பதுக்குள், மனசில் வருவதைச் சொல்லு என்று டைரியை எடுத்தாள். அவன் சொன்னான். மூன்று, ஏழு, ஒன்று, எட்டு, நான்கு. அவள் எழுதினாள். ஐம்பது எண் ஆனதும் அவனுக்கு அலுத்துவிட்டது, கண் மறுபடி மூடியது. கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி, எதிரே போகிற வண்டிகளின் நம்பரில் கடைசி எண்ணை மட்டும் படி என்றாள். லாரி, பஸ், கார், பைக் என்று ஒன்றுவிடாமல் படித்தான். ஆறு. இரண்டு. இரண்டு. ஒன்பது. சைபர். நான்கு. நான்கு.

"நாலுன்னு சொல்லிட்டியேப்பா."

"இது வேற லாரி மேடம். நாலுக்கு அப்புறம் நாலு வரக் கூடாதுன்னு சட்டமா?"

அவள் பேனா நின்றது.

இன்னும் கொஞ்சம் வண்டிகளை எண்ணி, அதிலும் ஐம்பது ஆக்கினாள். பிறகு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ரோட்டில் போன வண்டிகளில் ஆறு இடத்தில் ஒரே எண் அடுத்தடுத்து வந்திருந்தது. கிருபா மனசிலிருந்து சொன்ன ஐம்பதில் ஒரு இடத்தில்கூட இல்லை.

"நீ ஏன் ஒரே நம்பரை ரெண்டு தடவை சொல்லலை?"

கிருபா யோசித்தான். "இப்பதானே சொன்னோம், மறுபடி அதையே சொன்னா ஏமாத்துற மாதிரி இருக்குமே."

தெய்வநாயகி எழுந்துவிட்டாள். ஜீப் வரும் வரை கண்ணைத் திறந்து வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். கிருபா, தன்னைக் கொல்லப் பார்த்தவனைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகப் போவதில்லை என்றான். அவன் தோளைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அப்பாவு கூடத்திலேயே இருந்தான். எஸ்.ஐ. பின்பக்கம் பாத்தியில் பஞ்சாயத்தாரோடு பேசிக்கொண்டிருந்தார். தெய்வநாயகி அச்சடித்த முதல் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பென்சிலால் ஜோடிகளைச் சுழித்தாள். முதல் நூறு எண்ணில் மட்டும் ஆறு ஜோடி. இன்னும் புரட்டினாள். ஓரிடத்தில் ஒன்பது என்ற எண் ஆறு தடவை தொடர்ந்து நின்றது. அந்த இடத்தில் யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்.

"எழுநூத்தி அறுபத்திரண்டாவது எண்," என்றான் அப்பாவு மெதுவாக. "படிக்கும்போது நாக்கு மாட்டிக்கிச்சான்னு கேட்டு சார் சிரிச்சாரு."

"இப்ப உன் நோட்டு," என்றாள். கையால் எழுதினதைப் பிரித்தாள். பத்துப் பக்கம் புரட்டினாள், ஆயிரத்துக்கு மேல் எண்கள். பென்சில் ஒரு இடத்தில்கூட இறங்கவில்லை. "உன் சட்டை இப்ப மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டிருக்கே. மத்தியானம் முழங்கைக்கு மேல இருந்துச்சு. இந்த வெயில்ல எதுக்குப்பா?"

அவன் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டான்.

"சாரோட கண்டுபிடிப்பைத் திருட யாரும் வரலை. நாற்பதாயிரத்துக்குப் பிறகு இந்த நோட்டுல பை இல்ல. நீதான் இருக்கே. தானா வர்ற நம்பருக்கு வெட்கம் கிடையாது, வந்ததே வரும். மனுஷன் மனசிலேருந்து எடுத்துச் சொல்றப்பதான் பக்கத்துல பக்கத்துல வைக்கப் பயப்படுவான். சார் கண்டுபிடிச்ச ஒழுங்கு உன்னோட பயம். சென்னைக்காரங்க அதைத்தான் எழுதியிருந்தாங்க, இல்லையா?"

அப்பாவு எழுந்தான். குனிந்து ஒன்பதாம் சட்டியைத் தூக்கி அவள் முகத்தை நோக்கி எறிந்தான். அவள் தலையைத் திருப்பினாள்; சட்டி தோளில் மோதி வெடித்தது, கிளிஞ்சல் மழை கொட்டியது. தாள் கட்டுக்குப் பின்னாலிருந்து அவன் ஒரு இரும்புக் கம்பியை உருவினான். கிருபாவின் தலையில் இறங்கிய அதே கம்பி. நுனியில் முடி ஒட்டியிருந்தது. முதல் வீச்சில் அவளுடைய இடது முன்கை முறிந்தது. இரண்டாவது வீச்சுக்கு அவன் கை மேலே போனபோது அவள் உள்ளே புகுந்து, தலையால் அவன் மூக்கை இடித்தாள். இருவரும் கிளிஞ்சல்களின் மேல் விழுந்தார்கள். அவன் அவள் கழுத்தைப் பிடித்தான். அவள் உடைந்த சட்டியின் ஓட்டை எடுத்து அவன் தொடையில் சொருகித் திருகினாள். பிடி தளர்ந்தது. கிருபா வாசலிலிருந்து வந்து, நிற்க முடியாமல் அப்படியே அவன் மேல் மொத்தமாக விழுந்தான்.

எஸ்.ஐ. ஓடி வந்தபோது மூன்று பேரும் ரத்தத்தில் கிடந்தார்கள். கிருபா அப்பாவுவின் சட்டைக் கையைக் கிழித்துக் காட்டினான். முழங்கைக்குக் கீழே பல் பதிந்த காயம். நடுவில் ஒரு தீக்குச்சி அளவு இடைவெளி.

"என் கையெழுத்து சார்," என்றான். அதற்குப் பிறகுதான் மயங்கினான்.

அப்பாவு எதையும் மறைக்கவில்லை. சுவரில் சாய்ந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

போன டிசம்பர் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது சித்தார்த்தனின் மனைவியும் மகள் பிரியதர்ஷினியும் கரையில் இருந்தார்கள். இரண்டு பேரையும் அடக்கம் செய்துவிட்டு வந்தவர் பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை. பதினாறாம் நாள் சட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, படிப்பா என்றார். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சம் இருந்தது. கையில் இருந்த தாள் ஜனவரி கடைசியில் தீர்ந்தது. அப்பாவு ஆரோவில் போனபோது அந்த வெள்ளைக்காரர் ஊருக்கே திரும்பிப் போயிருந்தார். வீட்டுக்கு வந்து, எண் தீர்ந்துவிட்டது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் சமாளித்துவிட்டு வேறு இடம் தேடலாம் என்று மனசில் வந்ததை எழுதிப் படித்தான். அவர் கை சட்டிக்குச் சட்டி போயிற்று. சாப்பிட ஆரம்பித்தார். ஒரு வாரம் ஐந்து மாதம் ஆயிற்று.

"அவரு அந்த ஒழுங்கைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு என்னைக் கட்டிப் புடிச்சு அழுதாரு," என்றான். "அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லலை. அப்புறம் பேப்பர்ல என் பேரு வந்துச்சு."

காலையில் கிளியனூருக்கு அவன் போகவே இல்லை. பதினொன்றரைக்கு வந்தபோது சித்தார்த்தன் பாத்தி ஓரத்தில் நின்றிருந்தார். பத்திரிகையைப் பார்த்த சென்னைக் கணக்குப் பேராசிரியர்கள் நிஜமான பையோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுதிவிட்டார்கள் என்றார். திட்டினாரா என்று எஸ்.ஐ. கேட்டார்.



"திட்டலை சார். எனக்காகத்தான பண்ணேன்னாரு. கோவத்துல திருட்டுன்னு துப்பறியறவங்களுக்குப் போன் பண்ணிட்டேன், அவங்க வர வேணாம்னு சொல்லிடுன்னாரு. ஞாயித்துக்கிழமை மேடையில உண்மையைச் சொல்லிட்டு, நாற்பதாயிரத்துலேருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்னாரு. மேடையில வேணாம் சார்னு கெஞ்சினேன். வேலை போயிடும், ஊரே சிரிக்கும்னேன். பொய்க் கணக்கை மேடையில வச்சுட்டு அவரால தூங்க முடியாதுன்னாரு. சொல்லிட்டுத் திரும்பி நடந்தாரு. கடப்பாரை அங்கயே இருந்துச்சு."

வெளியே கூட்டம் மறுபடி கூடியிருந்தது. இந்தத் தடவை யாரும் கல்லைத் தொடவில்லை. மத்தியானம் சடையப்பனை அடித்தவர்களில் சிலர் அமுதவல்லியின் பக்கத்தில் நிற்க முடியாமல் தள்ளிப் போய் நின்றார்கள்.

விலங்கு மாட்டி வாசலுக்குக் கொண்டுவந்தபோது அப்பாவு நின்றான். அவருக்குக் கொள்ளி வைக்க யாரும் இல்லை சார், நான் வைக்கலாமா என்று எஸ்.ஐ.யிடம் கேட்டான். எஸ்.ஐ. முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெய்வநாயகி முறிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

அமுதவல்லிதான் முன்னால் வந்தாள்.

"உன் கை படக் கூடாது," என்றாள். "எங்க வீட்டுக்காரரு கண்ணைத் தொறந்துட்டாருன்னு ஆஸ்பத்திரியிலேருந்து சொன்னாங்க. அவரு வந்து வைப்பாரு. அதுவரைக்கும் சார் காத்திருக்கட்டும்."

மூன்று நாள் பிணவறையில் காத்திருந்தார் சித்தார்த்தன். நான்காம் நாள் காலை, உடைந்த விலாவைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்த சடையப்பனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துச் சுடுகாட்டுக்கு அழைத்து வந்தார்கள். தாங்கிய இருவரும் அவனை அடித்தவர்கள். அவன் அவர்களைப் பார்க்காமல் கொள்ளியை வாங்கி வைத்தான்.